செல்ஃபியின் பின்னணியைப் பாருங்கள்
திருப்பூர் பனியன் கம்பெனியில் எடுக்கும் செல்ஃபியில் முகத்தால் வம்பு வருவதில்லை. பின்னால் தொங்கும் சாம்பிளால்தான் வரும். இன்னும் கடைக்கு வராத டிசைன், சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையரின் லேபிள், அட்டைப்பெட்டியில் ஒட்டிய ஆர்டர் எண் என எல்லாம் பளிச்சென்று தெரியும். சொந்த போன், சொந்தக் கணக்கு என்ற வாதம் எடுபடாது. நியமனக் கடிதத்தில் ரகசியம் காப்பது பற்றிய விதி இருக்கிறதா என்று படித்துவிடுங்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். யாரோ எடுத்த ஸ்கிரீன்ஷாட் மறையாது.

மேலாளரைத் திட்டி எழுதுவது தனி ரகம். இணையத்தில் புண்படுத்தும்படி எழுதுவதைக் குற்றமாக்கிய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவைத்தான் 2015-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டதே என்பார்கள் சிலர். அது போலீஸ் வழக்குக்கான பிரிவு. கம்பெனி கொடுக்கும் மெமோவை அந்த ரத்து தடுக்காது. கோபம் இருந்தால் மனுவாக எழுதி, நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.