ஊருக்கு வந்து பார்த்துக்கலாம் என்பதுதான் முதல் தப்பு

போன மாதம் வள்ளியூர் பேருந்து நிலையத்தில் ஒரு பையனைப் பார்த்தேன். கப்பல் வேலைக்குப் போனவன், ஒன்பது மாத ஒப்பந்தத்தில் ஐந்தாவது மாதமே சைன் ஆஃப் வாங்கி (வேலையை முடித்துக் கப்பலை விட்டு இறங்கி) வந்துவிட்டான். கேப்டனுக்கு அடுத்த அதிகாரியான சீஃப் மேட் சாப்பாட்டு மேசையில் தினமும் அவன் அம்மாவை இழுத்துப் பேசுவானாம், வாட்ச் (முறை வேலை) முடிந்து படுத்தவனை எழுப்பி மறுபடி டெக்குக்கு விரட்டுவானாம். "யார்கிட்டயாவது சொன்னியாலே?" என்றேன். "ஊருக்கு வந்து பார்த்துக்கலாம்னு இருந்துட்டேன் அண்ணாச்சி." கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

அவனைத் திட்ட மனசு வரவில்லை. கப்பலில் கடைநிலை வேலைக்கான ஜி.பி. ரேட்டிங் பயிற்சி படிக்க அம்மா நகை அடகில் இருக்கும், ஏஜென்ட்டுக்குக் கொடுத்த காசு தனி (அதை வாங்குவதே சட்டப்படி தப்பு). வாயைத் திறந்தால் அடுத்த கப்பல் கிடைக்காது என்ற பயம். வீட்டிலும் பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். பூமியைத்தான் சொன்னார்கள், கடலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஒப்பந்தத்தோடு கப்பலில் புகார் செய்யும் முறை எழுதிய தாளையும் கொடுக்க வேண்டும் என்பது கப்பல் தொழிலாளர் உரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான எம்.எல்.சி. 2006-இன் விதி. இந்தியா 2015-லேயே அதை ஏற்றுக்கொண்டது. வாங்கிய தாளை மடித்துப் பெட்டியின் அடியில் போட்டுவிடுகிறோம். நேராக கேப்டனிடம் போகலாம், துணைக்கு ஓர் ஆளைக் கூட்டிப் போகலாம், வெளி அதிகாரிகளுக்கும் எழுதலாம், புகார் சொன்னதற்காகப் பழிவாங்கக் கூடாது, எல்லாம் அதில் இருக்கும். கேப்டனே பிரச்சினை என்றால் கரையில் டி.பி.ஏ., அதாவது கப்பல் பாதுகாப்புக்கென்று கம்பெனி நியமித்த ஆள், இருக்கிறார். ஐ.எஸ்.எம். என்ற சர்வதேசக் கப்பல் பாதுகாப்பு விதிப்படி நிர்வாகத்தின் மேல்மட்டத்தோடு நேரடியாகப் பேசும் வழி அவருக்கு உண்டு. பெரும்பாலான கப்பல்களில் அவர் நம்பர் சுவரில் ஒட்டியிருக்கும். ஏறிய அன்றே போனில் படம் எடுத்து வையுங்கள்.

அடுத்த தப்பு, நான் அதிகம் பார்த்தது, ஓய்வு நேரத்தைப் பதியும் ரெஸ்ட் அவர்ஸ் ஷீட்டில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவது. 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி, வாரத்தில் 77 மணி ஓய்வு வேண்டும். துறைமுகத்தில் எல்லோருமே கஷ்டப்படுவோம், அது வேலை. ஒருத்தனை மட்டும் தூங்கவிடாமல் செய்வது தொல்லை. அப்படித் தூங்காத ராத்திரிக்குத் "தூங்கினேன்" என்று நீங்களே கையெழுத்துப் போட்டால் அப்புறம் யார் நம்புவார்? தனியாக ஒரு நோட்டு வைத்து தேதி, கப்பல் நேரம், யார் பக்கத்தில் இருந்தது, சொன்ன வார்த்தை அப்படியே, கெட்ட வார்த்தையானாலும் அப்படியே, எழுதுங்கள். நெட் கிடைத்ததும் அதைப் படமெடுத்து வீட்டுக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். பொறுமை போய் கையை நீட்டினீர்களோ, விசாரணை உங்கள் மேல் திரும்பிவிடும்.

பெண் கேடட்டுகளுக்கு (அதிகாரியாகப் பயிற்சி எடுப்பவர்களுக்கு) இந்தத் தள்ளிப்போடல் இன்னும் ஆபத்து. இந்தியாவின் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாலியல் தொல்லை புகாரை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் புகாரை விசாரிக்கும் கமிட்டி இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம், அவ்வளவுதான். முதல் மாதம் நடந்ததை ஒப்பந்தம் முடித்து வந்து சொன்னால் கெடு தாண்டியிருக்கும். அதனால் கடலில் இருக்கும்போதே கமிட்டிக்கு மெயில் போடுங்கள்.

சரி, பெரியவர்கள் தப்பு? என்னுடையதையே சொல்கிறேன். போசனாக (டெக் ஆட்களுக்கு மேஸ்திரியாக) இருந்தபோது ஒரு ஓ.எஸ். (டெக்கில் கடைநிலை மாலுமி) வந்து, ஃபிட்டர் தரும் தொல்லையைச் சொல்லி அழுதான். இரண்டு பேரையும் மெஸ் ரூமில் உட்கார வைத்து "கை குடுத்துட்டுப் போங்கப்பா" என்றேன், பெரிய பஞ்சாயத்துத் தலைவர் மாதிரி. ஃபிட்டர் சிரித்தான். பையன் தரையைப் பார்த்துக்கொண்டு "ஒண்ணுமில்ல அண்ணாச்சி" என்றான். அப்புறம் கடைசி வரை என்னிடம் எதுவுமே சொல்லவில்லை. தனித்தனியாகக் கேட்டு எழுதி கேப்டனிடம் கொடுத்திருக்க வேண்டும். வாட்ச்சை மாற்றுவதானால் புகார் சொன்னவனைக் கேட்காமல் அவனை மாற்றக் கூடாது, அது அவனுக்கே தண்டனை கொடுத்த மாதிரி. 2026 ஜனவரி முதல் மாலுமிகளுக்கான சர்வதேசப் பயிற்சி விதியான எஸ்.டி.சி.டபிள்யூ.-வின் அடிப்படைப் பயிற்சியில், இப்படிப்பட்ட தொல்லையைத் தடுப்பது பற்றிய பாடமும் சேர்ந்திருக்கிறது. எங்கள் காலத்தில் இல்லை.

கப்பலில் யாரும் கேட்கவில்லையா, எம்.எல்.சி. ஏற்ற நாட்டுத் துறைமுகத்தில் அதிகாரியிடம் புகார் கொடுக்கலாம், யார் கொடுத்தது என்பதை அவர்கள் ரகசியமாக வைத்திருக்க வேண்டும். ஊருக்கே வந்துவிட்டவர்கள் அரசின் வணிகக் கப்பல் துறையான எம்.எம்.டி.-யின் தூத்துக்குடி அலுவலகத்துக்குப் போகலாம், அதன் தலைமையாக மும்பையில் உள்ள டி.ஜி. ஷிப்பிங்குக்கு எழுதலாம். வள்ளியூர் பையனிடம், தன்னோடு வேலை பார்த்த இரண்டு பேரின் நம்பரைச் சாட்சிக்காகத் தேடச் சொல்லியிருக்கிறேன். ஒருத்தன் இன்னும் அதே கப்பலில்தான் இருக்கிறானாம்.