கழற்றுவதற்கு முன்பே விண்ணப்பியுங்கள்: மின்சிக்கனக் கருவிகளுக்கு ஊக்கத்தொகை பெறும் முறை

வணிகக் கட்டடங்களிலும் தொழிற்சாலைகளிலும் பழைய விளக்குகளையும் மோட்டார்களையும் குளிரூட்டும் இயந்திரங்களையும் மாற்றி மின்சிக்கனமானவற்றைப் பொருத்துவோருக்கு, செலவில் ஒரு பகுதியை மின் விநியோக நிறுவனமே திருப்பித் தரும் திட்டங்கள் பல நாடுகளில் உள்ளன. உச்ச நேரத் தேவைக்காகப் புதிய மின்நிலையம் அமைப்பதைவிட வாடிக்கையாளரின் நுகர்வைக் குறைப்பது மலிவு என்பதால் தரப்படும் தொகை இது. எனவே தயங்காமல் கேட்கலாம்.

இத்தொகை இருவகைப்படும். விளக்கு, சிறு மோட்டார் போன்றவற்றுக்குக் கருவி ஒன்றுக்கு இவ்வளவு என்று முன்பே நிர்ணயித்திருப்பார்கள். அங்கே வாங்கும் மாடல் அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். அழுத்தக்காற்று அமைப்பு, உலை போன்ற தனித்தன்மையுள்ள பணிகளுக்கோ மிச்சமாகும் யூனிட்டுகளைக் கணக்கிட்டுத் தருவார்கள். இவ்வகையில் முன் ஒப்புதல் கிடைக்காமல் கொள்முதல் ஆணை கொடுக்கவே கூடாது. ஆணையின் தேதி ஒப்புதலுக்கு ஒரு நாள் முந்தியிருந்தாலும் விண்ணப்பம் தள்ளுபடியாகலாம்.

அதிகக் கவனம் வேண்டியது பழைய கருவிக்கான ஆதாரத்தில்தான். மோட்டாரின் பெயர்த்தகட்டில் படிந்த எண்ணெயைத் துடைத்து, கிலோவாட், சுழற்சி வேகம், தொடர் எண் ஆகியவை தெளிவாகத் தெரியும்படி படம் எடுங்கள். விளக்குகளை அறைவாரியாக எண்ணுங்கள். 36 வாட் குழல் விளக்கு, பழைய சோக்குடன் சேர்ந்து ஏறத்தாழ 45 வாட் இழுக்கும். அத்தகைய 500 விளக்குகளை 18 வாட் எல்இடிக்கு மாற்றி ஆண்டுக்கு 4,000 மணி நேரம் எரித்தால் மிச்சம் 54,000 யூனிட். சோக்கை மறந்தால் கணக்கில் 36,000 மட்டுமே வரும். பலரும் தவறவிடும் இடம் இது.

விசிறிக்கும் மையவிலக்குப் பம்புக்கும் விஎஃப்டி (மோட்டாரின் வேகத்தைத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கும் கருவி) பொருத்துவதாக இருந்தால், மாற்றத்துக்கு முன் ஓரிரு வாரமாவது மின்நுகர்வை அளவியில் பதிவு செய்து வையுங்கள். வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் தேவைப்படும் திறன் கோட்பாட்டின்படி பாதியளவுக்கு இறங்கும். ஆனால் எத்தனை மணி நேரம் அந்த வேகத்தில் ஓடும் என்பதை உங்கள் பதிவுதான் நிரூபிக்க முடியும். மாற்றத்துக்கு முந்தைய அளவீடு இல்லையென்றால், சேமிப்புக்கான ஆதாரத்தைப் பின்னால் எந்தப் பொறியாளராலும் மீட்டெடுக்க இயலாது.

பணி முடிந்ததும் மாடல் எண், எண்ணிக்கை, தேதி ஆகியவை தனித்தனியாகக் குறிப்பிடப்பட்ட விலைப்பட்டியலை, கெடு முடிவதற்குள் அனுப்புங்கள். வாடகைக் கட்டடமாயின் மின்னிணைப்பு யார் பெயரில் உள்ளது, தொகை யாருக்குச் சேரும் என்பதை உரிமையாளருடன் முன்கூட்டியே எழுத்தில் முடித்துக்கொள்ளுங்கள். ஆய்வாளர் நேரில் பார்த்துச் செல்லும்வரை, கழற்றிய மோட்டாரைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட வேண்டாம்.