இசைத்தட்டுக்கு மதிப்புரை எழுதத் தொடங்குவோருக்கு

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில், எனாமல் பாத்திரங்களுக்கும் ரவிவர்மா படங்களுக்கும் நடுவே அரக்கு இசைத்தட்டுகளும் கண்ணில் படும். சுவரில் மாட்ட வாங்குவோர் வாங்கட்டும். கேட்டு எழுதவும் ஆள் வேண்டும். காம்ப்டன் மெக்கன்சி 1923இல் இங்கிலாந்தில் தொடங்கிய ‘கிராமபோன்’ இதழ், இசைப்பதிவு மதிப்புரைக்கென்றே இன்றும் வந்துகொண்டிருக்கிறது. கச்சேரி விமர்சனத்தை வாசகர் நம்பித்தான் ஆக வேண்டும். பதிவு அப்படியல்ல, அதே தட்டைச் சுழலவிட்டு உங்களைச் சோதித்துவிடுவார்.

முதல் படி, தேர்வு. பக்கத்து ஊர்க்காரரான கர்நாடக இசைப் பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்காரிடமிருந்தே தொடங்கலாம். அவருடைய மத்திமகால (நடுத்தர வேக) நடை புதியவர் காதுக்கும் எளிதில் பிடிபடும்.

அடுத்து, தட்டின் நடுவில் ஒட்டியுள்ள சீட்டைப் பார்த்துப் பாடகர், ராகம், தாளம், தட்டின் எண் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பக்கவாத்தியக்காரர் பெயர் பல தட்டுகளில் இராது. ஊகித்து எழுத வேண்டாம்.

மூன்றாவது படியில்தான் பலர் சறுக்குகிறார்கள். பிற்காலத்து வினைல் தட்டான எல்.பி.க்கான மெல்லிய ஊசியை அரக்குத் தட்டில் வைக்காதீர்கள். அகலமான பள்ளத்தின் அடியில் உரசி இரைச்சலைத்தான் எடுத்துத் தரும். வேகத்தையும் கவனியுங்கள். தொடக்க காலத் தட்டுகள் எல்லாம் நிமிடத்துக்குச் சரியாக 78 சுற்றில் பதிவானவை அல்ல. வேகம் சுமார் 6 சதவீதம் கூடினால், ஒரு கட்டைச் சுருதியில் பாடியது அரைக் கட்டை ஏறி ஒன்றரைக் கட்டையில் கேட்கும். குரல் மெலிந்து, பிருகாக்கள் (வேகமாக உருளும் சுரக் கோவைகள்) மின்னல் வேகத்தில் பறக்கும். அதைக் கேட்டுவிட்டு ‘என்ன துரிதம்!’ என்று எழுதினால், அந்தப் பாராட்டு இயந்திரத்துக்குத்தான் போய்ச் சேரும். இணையத்தில் ஏற்றப்பட்ட பிரதிகளிலும் இந்தக் கோளாறு உண்டு.

இனிக் கேளுங்கள். முதல் முறை பேனாவைத் தொட வேண்டாம். இரண்டாம் முறை நிமிடக் கணக்கோடு குறிப்பெடுங்கள். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் சுமார் 3 நிமிடம்தான். அதில் விரிவான ராக ஆலாபனையும், ஒரே வரியை விரித்துப் பாடும் நிரவலும் எங்கே என்று கேட்பவர், தூக்குச்சட்டிக்குள் கல்யாணப் பந்தியைத் தேடுகிறார். கிடைத்த நேரத்தில் எதை வைத்துக்கொண்டார், எதை விட்டார் என்பதே கேள்வி: ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் சங்கதிகளைக் குறைத்தாரா, பல்லவிக்கு அடுத்து வரும் அனுபல்லவியை அவசரமாகக் கடந்தாரா? பாடகரின் ரசனை அங்கே வெளிப்பட்டுவிடும்.

பாட்டையும் பதிவையும் தனித்தனியே எடைபோடுங்கள். 1925க்கு முன் இசைத்தட்டுப் பதிவில் மைக் இல்லை, ஒலியைத் திரட்டும் புனலுக்கு எதிரே நின்று பாடினார்கள். மிருதங்கம் மங்கலாகக் கேட்டால் வாசித்தவரைக் குறை சொல்லக் கூடாது. இரைச்சலை அளவுக்கு மீறித் துடைத்த பிரதிகளில் வயலினின் மேல்ஸ்தாயிப் பொலிவும் சேர்ந்தே போய்விடுகிறது. எனக்கு இரைச்சலே மேல்.

எழுதும்போது ‘மனத்தை உருக்கியது’ போன்ற தொடர்களை அடித்துவிடுங்கள். ‘இரண்டாம் நிமிடத்தில், சரணம் முடியும் இடத்தில் வயலின் சற்றுப் பின்தங்குகிறது’ என்றால் வாசகர் அதைச் சரிபார்க்கலாம், உங்களோடு சண்டைக்கும் வரலாம். அதே கீர்த்தனையின் வேறொரு பதிவோடு ஒப்பிட்டு இரண்டு வரி சேருங்கள். வாங்கலாமா, வேண்டாமா என்பதையும் சொல்லிவிடுங்கள். ‘ரசிகர்கள் கேட்டு மகிழலாம்’ என்பது பதிலாகாது.