பேய்க்கதைக்கு ஒலி சேர்ப்பது: இடி, நரி ஊளை இல்லாமல்

பேய்க்கதை வாசித்துப் பதிவு செய்கிறவர்கள் பெரும்பாலும் முதலில் தேடுவது இடிச்சத்தத்தை. அடுத்தது நரி ஊளை, அப்புறம் கதவு கிரீச்சிடுவது. இந்த மூன்றையும் தூக்கிப் போட்டுவிட்டு, வீட்டில் இருப்பதை வைத்துச் செய்யும் முறையைத்தான் இங்கே சொல்கிறேன். நான் நெல்லைப் பக்கம். பகலில் கணக்கு எழுதும் வேலை, இரவில் இருட்டுக் கதைகளும் டூம் மெட்டல் என்ற மெதுவான, கனத்த மெட்டல் இசையும். மென்பொருளுக்கு ஒரு ரூபாய்கூடச் செலவு கிடையாது. பழைய மடிக்கணினி, அதில் டெபியன் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம், அதன் மேல் ஒலியைப் பதிவு செய்து திருத்தும் ஆடாசிட்டி. அவ்வளவுதான். விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கும் இதே ஆடாசிட்டி கிடைக்கும், மெனுவும் இதேதான்.

முதலில் கதை. சொந்தக் கதை என்றால் பிரச்சினை இல்லை. அடுத்தவர் கதை என்றால் உரிமையைப் பாருங்கள். இந்தியச் சட்டப்படி, எழுத்தாளர் இறந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு. புதுமைப்பித்தன் 1948இல் காலமானவர், அவர் எழுத்து நாட்டுடைமையும் ஆகிவிட்டது. யாரிடமும் கேட்காமல் வாசிக்கலாம். தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தில் உரையாகவே எடுத்துக்கொள்ளலாம். இப்போது எழுதுகிறவர்களில் சிலர், மற்றவர்கள் பயன்படுத்த முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடுகிறார்கள். அந்த உரிமத்தை முழுவதும் படியுங்கள். "மாற்றம் கூடாது" என்ற நிபந்தனை இருந்தால், இசை சேர்த்து வெளியிடும் முன் எழுதியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

கதையைச் சாதாரண உரைக்கோப்பாக வைத்துக்கொண்டு, மூச்சு விடும் இடத்தில் ஒரு சாய்கோடு, நின்று போகும் இடத்தில் இரண்டு சாய்கோடு போடுங்கள். கண்ணால் படிக்கிறவர் ஒரு வரி புரியாவிட்டால் மேலே போய்ப் பார்த்துக்கொள்வார். காதுக்கு அந்த வசதி இல்லை. அதனால் சொந்தக் கதை என்றால் நீள வாக்கியங்களை உடைத்துவிடுங்கள்.

பதிவுக்கு ஸ்டூடியோ வேண்டாம். துணி நிறைந்த பீரோவைத் திறந்து அதன் முன் உட்காருங்கள், முதுகுக்குப் பின்னால் கொடியில் ஒரு கெட்டிப் போர்வை தொங்கட்டும். எதிரொலி பெரும்பாலும் அடங்கிவிடும். மின்விசிறியை நிறுத்த வேண்டும். சித்திரை மாதத்தில் அது தவம்தான், வேறு வழியில்லை. மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேர் எதிரே இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில் இருக்கட்டும். பேய், பிணம், பாழ், பயம் என்று நம் கதைகளில் பாதிச் சொற்கள் 'ப'வில்தான் ஆரம்பிக்கின்றன. ஒவ்வொன்றும் மைக்கில் காற்றை ஊதும். ஒலி அளவின் உச்சம் மைனஸ் 12க்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் இடையில் நின்றால் போதும்.

வாசிப்பதற்கு முன் பத்து விநாடி சும்மா இருந்து அறையை மட்டும் பதிவு செய்யுங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது. இரைச்சலைக் குறைக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷனுக்கு மாதிரியாக அந்தப் பத்து விநாடி உதவும். அதைவிடப் பெரிய உபயோகம் ஒன்று உண்டு. தடுமாறிய வரியை வெட்டி எடுக்கும்போது அந்த இடத்தில் வெறும் மௌனத்தை வைத்தால், ஒலி அறுந்து போனது கேட்பவருக்கு உடனே தெரியும். அங்கே அறை ஓசையைத் துண்டு துண்டாக ஒட்டுங்கள்.

நாய்ஸ் ரிடக்‌ஷனில் அளவைக் குறைவாகவே வையுங்கள். நான் 6 முதல் 9 டெசிபல் வரைதான் வைப்பேன். ஏற்றிக்கொண்டே போனால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது மாதிரி ஆகிவிடும். "ம்ம்ம்" என்று ஒரு ரீங்காரம் மிச்சமிருந்தால் அது பெரும்பாலும் மின்சாரத்தின் வேலை. ஒரே ஒரு அதிர்வெண்ணை மட்டும் வெட்டும் நாட்ச் ஃபில்டரைத் திறந்தால் அதில் 60 ஹெர்ட்ஸ் என்று இருக்கும், அது அமெரிக்கக் கணக்கு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 50இல் ஒரு முறை, தேவைப்பட்டால் 100இல் இன்னொரு முறை போடுங்கள்.

குரலைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன்: நடிக்காதீர்கள். அடகுக் கடையில் வட்டிக் கணக்கு சொல்கிற குரலில் "அவள் கால் தரையில் படவில்லை" என்று வாசித்துப் பாருங்கள், வேலை செய்யும்.

இனி இசை. எனக்குப் பிடித்த பகுதி இதுதான், அதனால் கொஞ்சம் நீளும்.

நம் காது தம்புராவிலும் சுருதிப்பெட்டியிலும் பழகியது. ச-ப-ச (ஷட்ஜம், பஞ்சமம், மேல் ஷட்ஜம்) கேட்டாலே மனசு உட்கார்ந்துவிடும். அந்தப் பஞ்சமத்தை எடுத்துவிட்டு, அதற்கு அரை சுரம் கீழே இருக்கும் பிரதி மத்திமத்தை வையுங்கள். பாட்டுப் படிக்காதவருக்கும் ஏதோ சரியில்லை என்று தோன்றும், எதுவென்று சொல்லத் தெரியாது. மெட்டல் இசைக்கும் இந்த இடைவெளிதான் மூலதனம். ராகத்துக்குள் வந்தால் பிரதி மத்திமம் அழகு. தனியாக, அசையாமல், ஷட்ஜத்தோடு நீண்டுகொண்டே இருந்தால்தான் வயிற்றைப் பிசையும்.

செய்முறை இது. ஆடாசிட்டியில் ஜெனரேட் மெனுவில் டோன் என்று இருக்கும். சைன் அலை, 130.8 ஹெர்ட்ஸ், இரண்டு நிமிடம்: இது ஷட்ஜம். அலையின் உயரம் 0.8 என்று இருப்பதை 0.2 ஆக்குங்கள், இல்லாவிட்டால் எல்லாம் சேரும்போது ஒலி உடையும். புதிய தடத்தில் (டிராக்) 185 ஹெர்ட்ஸ், உயரம் 0.1: இது பிரதி மத்திமம். மூன்றாவது தடத்தில் 132.3 ஹெர்ட்ஸ். முதல் தடத்துக்கும் இதற்கும் ஒன்றரை ஹெர்ட்ஸ்தான் வித்தியாசம், அதனால் இரண்டும் மோதி விநாடிக்கு ஒன்றரை முறை ஒலி ஏறி இறங்கும். யாரோ பக்கத்தில் மூச்சு விடுகிற மாதிரி இருக்கும். வித்தியாசத்தை அரை ஹெர்ட்ஸாகக் குறைத்தால் மூச்சு இன்னும் நீளும். இரண்டையும் கேட்டுப் பார்த்துக் கதைக்கு எது பொருந்துகிறதோ அதை வையுங்கள்.

அடி ஒலி வேண்டும் என்று 65 ஹெர்ட்ஸுக்கு இறங்கலாம், ஆனால் பாதிப் பேர் கைபேசி ஸ்பீக்கரில்தான் கேட்பார்கள், அதில் ஒன்றும் வராது. சைனுக்குப் பதிலாக, மேல்சுரங்கள் நிறைந்த சாடூத் அலையை எடுத்து, மேலே உள்ளதைக் குறைக்கும் லோபாஸ் ஃபில்டரை 600 ஹெர்ட்ஸில் போடுங்கள். அடிச்சுரம் கேட்காவிட்டாலும் அதன் மேல்சுரங்கள் கேட்கும், மீதியை மூளை நிரப்பிக்கொள்ளும்.

கணினியில் பிறந்த ஒலி மட்டும் இருந்தால் சலிக்கும். எங்கள் பக்கம் வில்லுப்பாட்டில் குடம் அடிப்பார்கள். குடத்தின் வாயில் மட்டையால் அடிக்கும்போது ஆழமாக ஒரு 'தொம்' வரும். வீட்டில் மண்பானையும் பனையோலை விசிறியும் இருந்தால் அதை நீங்களே பதிவு செய்யலாம். வேகத்தைப் பாதியாக்கினால் ஒலி சரியாக ஒரு ஸ்தாயி கீழே போகும், பானை கிணறாகிவிடும். எவர்சில்வர் தட்டை நகத்தால் சுண்டி மூன்று விநாடி பதிவு செய்து, எஃபெக்ட் மெனுவில் ஒலியை இழுத்து நீட்டும் பால்ஸ்ட்ரெட்சை எடுத்து 20 மடங்கு இழுத்தால், ஒரு நிமிட நீளத்துக்கு ஆளில்லாத கோயில் பிரகாரம் கிடைக்கும். இந்த உத்தியை எழுதியவர் நாஸ்கா ஆக்டேவியன் பால் என்கிற ருமேனியர். ஸின்ஆட்சப்எஃப்எக்ஸ் என்ற கட்டற்ற சிந்தசைசரும் (கணினியில் ஒலி உருவாக்கும் மென்பொருள்) அவர் தொடங்கியதுதான். அந்தப் பெயரை ஒரே மூச்சில் சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை.

கொடைவிழாவில் உடுக்கைச் சத்தம் பதிவு செய்ய ஆசை வரும். வாசிப்பவரிடம் கேட்காமல் மைக்கை நீட்டாதீர்கள். அவருக்கு அது வழிபாடு.

பலர் ஏற்றிய ஒலிகள் கிடைக்கும் ஃப்ரீசவுண்ட் தளத்தில் எடுப்பதானால், ஒவ்வொரு ஒலிக்கும் தனித்தனி உரிமம் இருப்பதைக் கவனியுங்கள். சிசி0 (கிரியேட்டிவ் காமன்ஸ் ஜீரோ) என்றால் எதுவும் செய்யலாம். சிலவற்றுக்குப் பெயர் குறிப்பிட வேண்டும். வணிகப் பயன்பாடு கூடாது என்று இருப்பதை விளம்பரம் ஓடும் இடத்தில் போடக்கூடாது. எடுத்த உடனேயே பெயர், இணைப்பு, உரிமம் மூன்றையும் ஒரு உரைக்கோப்பில் எழுதி வையுங்கள். பிறகு தேடினால் கிடைக்காது.

கலப்பதற்கு ஆட்டோ டக் என்ற எஃபெக்ட் இருக்கிறது. இசைத் தடத்துக்குக் கீழே குரல் தடத்தை வைத்து, இசையைத் தேர்ந்தெடுத்து ஓட்டினால், குரல் வரும்போதெல்லாம் இசை இறங்கிக்கொள்ளும். அறிமுகப் பகுதிக்கு அது போதும். கதைக்குள் நான், ஒலி அளவை இடத்துக்கு இடம் மாற்றும் என்வலப் கருவியால் கையாலேயே இழுக்கிறேன், ஏனென்றால் இசை எங்கே இருக்கக்கூடாது என்பதை எஃபெக்டுக்குச் சொல்ல முடியாது.

கதை ஆரம்பத்தில் இசையே வேண்டாம். வீடு, சாப்பாடு, பேச்சு என்று எல்லாம் சாதாரணமாகப் போகட்டும். முதல் நெருடல் வரும் வரிக்குப் பிறகு சுருதியை இருபது, முப்பது விநாடி எடுத்து மெதுவாக ஏற்றுங்கள், வந்ததே தெரியக்கூடாது. பிறகு முக்கியமான வரிக்கு இரண்டு விநாடி முன்னால் அதை அடியோடு நிறுத்துங்கள். கரண்ட் போய் மின்விசிறி நின்றவுடன்தான் இவ்வளவு நேரம் அது ஓடிக்கொண்டிருந்தது நமக்கு உறைக்கும், இல்லையா? அதே கணக்கு. அறை ஓசை மட்டும் இருக்க, அந்த வரியை வாசியுங்கள். ஒரு கதையில் ஒரே ஒரு முறைதான் இதைச் செய்யலாம். இரண்டாவது முறை கேட்பவர் உஷாராகிவிடுவார்.

கடைசியாக ஒலி அளவு. லவுட்னஸ் நார்மலைசேஷனில் ஸ்டீரியோவுக்கு மைனஸ் 16, மோனோவுக்கு மைனஸ் 19 எல்யூஎஃப்எஸ் (காதுக்குத் தோன்றும் சத்தத்தின் அளவு) வையுங்கள். தானாகக் காட்டும் மைனஸ் 23 ஒளிபரப்புக்கானது, கைபேசிக்கு ரொம்பவும் சின்னது. தரம் குறையாத ஃபிளாக் வடிவத்தில் ஒரு பிரதி உங்களுக்கு, 192 கேபிபிஎஸ் எம்பி3 மற்றவர்களுக்கு. ஆடாசிட்டி 3.0 வந்த 2021 முதல் முழுத் திட்டமும் ஒரே கோப்பில் அடங்குவதால் காப்புப்பிரதி எடுப்பது சுலபம். ஆனால் பென்டிரைவில் வைத்துக்கொண்டே திருத்தாதீர்கள், கணினிக்கு மாற்றிவிட்டுத் திறவுங்கள்.

அனுப்பும் முன் மூன்று விதமாகக் கேளுங்கள்: இயர்போனில், கைபேசி ஸ்பீக்கரில், அடுப்படியில் குக்கர் கூவும்போது. மூன்றாவதில் குரல் புரியவில்லை என்றால் இசையை இன்னும் மூன்று டெசிபல் இறக்குங்கள். நன்றிப் பட்டியலைக் குரலில் வாசிக்க வேண்டாம், கதை கலைந்துவிடும். ஒலிகளின் பெயர், உரிமம், பயன்படுத்திய மென்பொருள் எல்லாம் கூடவே வைக்கும் குறிப்பில் போகட்டும். நீங்களே செய்த சுருதி, பானைச் சத்தம் ஆகியவற்றைத் தனிக் கோப்பாக சிசி0 உரிமத்தில் ஃப்ரீசவுண்டில் ஏற்றிவிடுங்கள். அங்கே இடிச்சத்தம் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது.