பதில் வராத கேள்வியைக் கைவிடாதீர்கள்

அமைச்சர் முன் மைக்கை நீட்டியபடி நிற்கும் புதிய மாவட்டச் செய்தியாளர்களைப் பார்க்கும்போதெல்லாம், இருபது ஆண்டுகளுக்கு முன் நான் செய்த தவறுகளே கண்முன் மறுபடி நடக்கின்றன. பெயரைப் பிழையாக எழுதுவது, தாமதமாக வருவது போன்றவற்றை அலுவலகமே திருத்திவிடும் என்பதால், யாரும் திருத்தாதவற்றை மட்டும் எழுதுகிறேன்.

சக நிருபரின் கேள்வியை அந்தரத்தில் விடுவது

ஆற்றுப்பாலம் ஒன்றின் பணி பாதியில் நின்றுபோயிருந்த காலம் அது. பயணியர் மாளிகை வாசலில் ஓர் அரசியல்வாதியுடன் நடந்த செய்தியாளர் சந்திப்பில், இன்னொரு நாளிதழின் நிருபர், ஒப்பந்ததாரருக்கு இதுவரை எவ்வளவு தொகை கொடுக்கப்பட்டது என்று கேட்டார். "பணிகள் துரிதமாக நடந்து வருகின்றன" என்று சொல்லிவிட்டு அந்த அரசியல்வாதி என் பக்கம் திரும்பினார். அது பதிலே இல்லை என்று தெரிந்தும், அலுவலகம் சொல்லியனுப்பிய கூட்டணிக் கேள்வியை நான் கேட்டேன். முகம் மலர்ந்து பத்து நிமிடம் பேசினார். மறுநாள் பாலத்தைப் பற்றி எங்கும் ஒரு வரிகூட இல்லை. அடுத்த மழைக்காலத்தில் அங்கே படமெடுக்கப் போனபோது, செருப்பைக் கையிலும் புத்தகப்பையைத் தலையிலும் வைத்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு சிறுமி வந்துகொண்டிருந்தாள். அதை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேல் கோபம் வருகிறது.

அடுத்த மைக் வேறு விஷயத்துக்குத் தாவிவிடும் என்ற நம்பிக்கையில்தான் அரசியல்வாதிகள் மழுப்புகிறார்கள். முந்தைய கேள்விக்குப் பதில் வரவில்லையென்றால், உங்கள் கேள்வியை ஒத்திவைத்து, "அவர் கேட்ட தொகையை முதலில் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். எழுந்து போய்விட்டால், பதில் அளிக்காமல் போனார் என்பதையே செய்தியாக எழுதுங்கள்.

ஆவணம் இல்லாமல் கேட்பது

"குடிநீர்ப் பிரச்சினை பற்றி என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டால், "நடவடிக்கை எடுக்கப்படும்" என்பதைத் தவிர வேறு எதுவும் வராது. நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதி உண்டு. அவர் பரிந்துரைக்கும் பணிகளை மாவட்ட நிர்வாகம் நிறைவேற்றுகிறது. முடியாத பணிகளின் பட்டியலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம்; 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். அந்தப் பட்டியலோடு போனால், எந்தத் தெரு, எந்தத் தொட்டி என்று பெயர் சொல்லிக் கேட்க முடியும்.

கவர்

பணம் வைத்து நீட்டினால் வாங்காதீர்கள்.

விளம்பரம் கேட்ட வாயால் கேள்வி கேட்பது

தாலுகா நிருபர்கள் பலருக்குச் சம்பளம் சொற்பம், விளம்பரக் கமிஷன்தான் வருமானம். பிறந்தநாள் வாழ்த்து விளம்பரத்துக்காகக் காலையில் வீட்டு வாசலில் காத்திருந்தவரால், மாலையில் மணல் லாரிகளைப் பற்றிக் கேட்க முடியாது. இந்தத் தவறு நிர்வாகத்துடையது. ஆனால் பெயர் கெடுவது நிருபருக்கு. விளம்பரப் பொறுப்பை வேறொருவரிடம் ஒப்படைக்கும்படி எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள்.