ஒரு தம்ளர் சேற்றுத் தண்ணீரில் புறப்பரப்பு வேதியியல்

பன்னிரண்டாம் வகுப்பில் புறப்பரப்பு வேதியியல் பாடத்தை மனப்பாடம் செய்தே தாண்டி வந்தவன் நான். பரப்புக் கவர்ச்சிக்கும் (ஒன்றின் பரப்பில் இன்னொன்று ஒட்டிக்கொள்வது) உறிஞ்சுதலுக்கும் வேறுபாடு, கூழ்மங்களில் (மிக நுண்ணிய துகள்கள் பரவி நிற்கும் பால் போன்ற கலவைகள்) எட்டு வகை, டின்டால் விளைவுக்கு ஒரு படம். மார்க் வந்தது, பாடம் வரவில்லை. பரப்புக் கவர்ச்சியையும் கூழ்மத்தையும் ஏன் ஒரே பாடத்தில் வைத்தார்கள் என்பதே புரியாமல்தான் பரீட்சை எழுதினேன். வீட்டில் நாலு தம்ளரை வைத்துக்கொண்டு செய்து பார்த்தபோதுதான் புரிந்தது: இரண்டுமே பரப்பின் கதை.

நீங்களும் செய்து பார்க்கலாம். மீன் தொட்டிச் சாமான் விற்கும் கடையில் ஆக்டிவேட்டட் கார்பன் எனும் கிளர்வுற்ற கரி ஒரு சிறு பாக்கெட், மீன்களுக்குப் பூஞ்சை மருந்தாக விற்கும் மெத்திலீன் புளூ ஒரு சிறு புட்டி. நாட்டு மருந்துக் கடையில் படிகாரம். கொஞ்சம் களிமண், உப்பு, பால், ஒரு லேசர் பேனா, நிறமில்லாத கண்ணாடித் தம்ளர்கள். தண்ணீர் மட்டும் ஆர்ஓ தண்ணீராகவோ மழைத் தண்ணீராகவோ இருக்கட்டும். காரணம் கடைசிப் படியில் வரும்.

படி 1: வெட்டிப் பாருங்கள்

ஒரு உருளைக்கிழங்கை ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரமாக வெட்டுங்கள். ஆறு முகங்கள், மொத்தப் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதை ஒரு மில்லிமீட்டர் துண்டுகளாக நறுக்க முடிந்தால் 1000 துண்டுகள், பரப்பு 60 சதுர சென்டிமீட்டர். இதற்கு மேல் கத்தி உதவாது, பேனாவை எடுங்கள். துண்டின் பக்கம் 10 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) ஆகும்வரை வெட்டினால் பரப்பு 600 சதுர மீட்டர். அதாவது இரண்டரை கிரவுண்டுக்கும் மேல். கிழங்கு அதே கிழங்குதான், எடையும் கூடவில்லை.

பரப்பு கூடினால் என்ன? பொருளின் உள்ளே இருக்கும் மூலக்கூறை எல்லாப் பக்கமும் அண்டை மூலக்கூறுகள் இழுத்துப் பிடித்திருக்கின்றன. விளிம்பில் இருப்பதற்கு வெளிப்பக்கம் ஆள் இல்லை. அதன் இழுவிசையில் ஒரு பங்கு செலவாகாமல் மிச்சம் நிற்கிறது. அந்த வழியாக வரும் வாயுவோ சாயமோ அதில் ஒட்டிக்கொள்கிறது. இதுதான் பரப்புக் கவர்ச்சி.

படி 2: கரியும் நீலமும்

கார்பன் குருணையில் பாதியை ரவைப் பதத்துக்கு இடியுங்கள். இடித்ததையும் இடிக்காததையும் தனித்தனியாக, கறுப்புத் தண்ணீர் வருவது நிற்கும்வரை அலசுங்கள். முதல் தடவை நான் அலசாமல் போட்டேன். நீலத்தை எடுக்கப் போய் கறுப்பைச் சேர்த்ததுதான் மிச்சம்.

மூன்று தம்ளர்களில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றி, ஒவ்வொன்றிலும் மெத்திலீன் புளூ இரண்டே சொட்டு விடுங்கள். கையில் பட்டால் இரண்டு நாளைக்குப் போகாது, வெள்ளை டைல்ஸில் சிந்தினால் வீட்டில் பேச்சு வாங்குவீர்கள். முதல் தம்ளரைச் சும்மா விடுங்கள். இரண்டாவதில் இடிக்காத குருணை ஒரு ஸ்பூன், மூன்றாவதில் இடித்தது ஒரு ஸ்பூன். அவ்வப்போது கலக்கிவிடுங்கள்.

இடித்தது போட்ட தம்ளர் சீக்கிரமே வெளிறும். குருணைத் தம்ளர் பின்தங்கி நிற்கும். ‘பொடித்ததால் பரப்பு கூடியது, அதனால்தான்’ என்று உடனே எழுதிவிடத் தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன். இங்கே அது பெரும்பாலும் தவறு. கிளர்வுற்ற கரியின் பரப்பு அதன் வெளித்தோலில் இல்லை. உள்ளே ஓடும் நுண்துளைகளின் சுவர்களில் இருக்கிறது. ஒரு கிராமுக்கு 1000 சதுர மீட்டர் வரை, சிலவற்றில் அதற்கு மேலும் உண்டு. ஒரே கிராமில் நாலரை கிரவுண்டு நிலம்! ரவையாக இடிப்பதால் இந்தக் கணக்கு அதிகம் மாறாது. சாயம் உள்ளே போய்ச் சேர நடக்க வேண்டிய தூரம்தான் குறைகிறது. குருணையையும் ஓர் இரவு விட்டுப் பாருங்கள், அதுவும் வந்து சேரும்.

இந்த வித்தை பழையது. 1785-இல் ரஷ்யாவில் லோவிட்ஸ் என்ற வேதியியலாளர், கரி போட்டால் கரைசலின் நிறம் போவதைக் கண்டார். முதல் உலகப் போரில் 1915-இல் நச்சு வாயு வந்த பிறகு முகமூடிக்குள் போனதும் இதே கரிதான்.

இப்போது சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இட்லியைச் சாம்பாரில் ஊறவிட்டால் நடுவில் பிட்டாலும் சாம்பார் இருக்கும். அது உறிஞ்சுதல். கரியின் திடப்பொருளுக்குள் நீலம் போகவில்லை, சுவரில் ஒட்டியிருக்கிறது. இலங்கைப் பாடநூல்களில் இந்த இரண்டையும் அகத்துறிஞ்சல், புறத்துறிஞ்சல் என்பார்கள். எனக்கு அந்த ஜோடிதான் பிடித்திருக்கிறது, சொல்லைப் பார்த்தாலே விளங்கிவிடும்.

ஒட்டுவதிலும் இரண்டு வகை. மூலக்கூறுகளுக்கு இடையிலான வலுவில்லாத வாண்டர்வால்ஸ் விசையால் ஒட்டினால் இயற்பியல் பரப்புக் கவர்ச்சி. சூடேற்றினால் விட்டுவிடும். புதுச் செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஈரம் பிடித்து ஓய்ந்த பிறகு, அதைச் சூடாக்கினால் ஈரம் வெளியேறி மறுபடி வேலைக்கு வருவது இதனால்தான். உண்மையான வேதிப்பிணைப்பே உண்டானால் வேதிப் பரப்புக் கவர்ச்சி. அது லேசில் விடாது.

பரப்பில் எவ்வளவு ஒட்டும் என்று கணக்கிடும் லாங்மியர் சமன்பாட்டைப் பார்த்து மிரள வேண்டாம். பரப்பை, நின்று பயணம் செய்ய அனுமதி இல்லாத பஸ் என்று நினையுங்கள். சீட் காலியாக இருக்கும்வரை ஆள் ஏறலாம், நிறைந்தால் நிறைந்ததுதான். ஒரே அடுக்கு. இர்விங் லாங்மியருக்குப் புறப்பரப்பு வேதியியலுக்காக 1932-இல் நோபல் பரிசு கிடைத்தது. இயற்பியல் வகையில் ஓர் அடுக்கின் மேல் இன்னோர் அடுக்கும் ஏறும். அது நம் டவுன் பஸ். 1938-இல் புருனவர், எம்மெட், டெல்லர் மூவரும் அதற்குக் கணக்குப் போட்டார்கள்.

படி 3: ஒளிக்கோடு

சரி, கூழ்மத்துக்கு வருவோம். படி 1-இல் பேனாவால் வெட்டிய துண்டுகளைத் தண்ணீரில் மிதக்கவிட்டால் அதுதான் கூழ்மம். துகளின் அளவு சுமார் 1 முதல் 1000 நானோமீட்டர். 1861-இல் தாமஸ் கிரஹாம் கொடுத்த ‘கொலாய்டு’ என்ற ஆங்கிலப் பெயருக்கு மூலம், பசையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்.

அறையை இருட்டாக்குங்கள். ஒரு தம்ளரில் சர்க்கரைத் தண்ணீர், இன்னொன்றில் இரண்டு சொட்டு பால் கலந்த தண்ணீர். பக்கவாட்டில் லேசரை அடியுங்கள் (கண்ணில் மட்டும் அடிக்காதீர்கள், பிறர் கண்ணிலும்). பால் தம்ளரில் ஒளி போகும் பாதை கோடாகத் தெரியும். சர்க்கரைக் கரைசலில் மிக மங்கலாகத் தெரியலாம், அது தூசி. சர்க்கரைக்குப் பதில் உப்பைக் கரைப்பதைத் தவிர்க்கச் சொல்வேன்: கட்டி பிடிக்காமல் இருக்கச் சிலவற்றில் சேர்க்கும் பொருளே தண்ணீரைக் கலக்கிவிடும், நமக்குக் கோடும் காட்டிவிடும். பால் தம்ளரில் தெரிந்த அந்தக் கோடுதான் டின்டால் விளைவு. கரைந்த மூலக்கூறு ஒளியைச் சிதறடிக்கப் போதாது, கூழ்மத் துகள் போதும்.

படி 4: சேறு ஏன் தெளிவதில்லை

களிமண்ணை ஒரு சொம்புத் தண்ணீரில் கரைத்து ஒரு மணி நேரம் விடுங்கள். மணல் அடியில் போய்விடும். மேலே நிற்கும் கலங்கல்தான் நமக்கு வேண்டியது. அதை மூன்று தம்ளர்களில் ஊற்றுங்கள். முதலாவது சும்மா இருக்கட்டும். இரண்டாவதில் ஒரு ஸ்பூன் உப்பு. மூன்றாவதில் படிகாரத் தூள் கால் சிட்டிகை. கூடுதலாகப் போட்டால் நல்லது என்று நினைக்க வேண்டாம். அளவு மீறினால் தெளிந்தது மறுபடி கலங்கவும் கூடும். ஒரு நிமிடம் வேகமாகவும், அப்புறம் ஐந்து நிமிடம் மெதுவாகவும் கலக்குங்கள். மெதுவாகக் கலக்குவதுதான் முக்கியம், துகள்கள் சந்தித்துச் சேர நேரம் வேண்டும்.

படிகாரத் தம்ளரில் பால் திரிந்தது மாதிரி சிறு திரள்கள் தோன்றி இறங்கும். உப்புத் தம்ளரும் தெளியும், ஆனால் ஒரு ஸ்பூன் செலவழித்து. சும்மா விட்டது காலையிலும் கலங்கலாகவே நிற்கும்.

காரணம் மின்சுமை. களிமண் துகளின் பரப்பில் எதிர்மின்சுமை இருக்கிறது. அதனால் ஒன்றையொன்று தள்ளுகின்றன. சேர்ந்து கனத்தால்தானே அடியில் இறங்க முடியும்? நேர்மின்சுமை கொண்ட அணுக்களான நேர்மின் அயனிகள் வந்தால் இந்தத் தள்ளல் அடங்குகிறது. எல்லா அயனிக்கும் ஒரே வலு இல்லை. உப்பின் சோடியத்துக்கு ஒரு நேர்மின்சுமை, படிகாரத்தின் அலுமினியத்துக்கு மூன்று. சுமை ஏற ஏறத் திரியவைக்கும் வலு பல மடங்கு எகிறும் என்பதுதான் ஹார்டி–ஷுல்ட்ஸ் விதி. கோட்பாட்டுக் கணக்கில் ஒன்று, இரண்டு, மூன்று சுமைகளுக்கு 1 : 64 : 729. ஒரு ஸ்பூனும் கால் சிட்டிகையும் ஏன் என்று இப்போது தெரிகிறதா? சாதாரண ஆற்று நீரில் இதோடு அலுமினியம் ஹைட்ராக்சைடு கூழாகி, வலை போட்டது போலச் சேற்றை அள்ளிக்கொண்டும் இறங்கும்.

ஆர்ஓ தண்ணீர் கேட்டதும் இதற்காகத்தான். போர்வெல் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் நிறைய. இரண்டுக்கும் சுமை இரண்டு. முதல் தம்ளரும் தானாகத் தெளிந்து சோதனை வீணாகிவிடும். காவிரி சுமந்துவரும் வண்டல் முகத்துவாரத்தில் படிவதற்கு வேகம் குறைவது ஒரு காரணம் என்றால், கடலின் உப்பு இன்னொன்று. எலுமிச்சை பிழிந்தால் பால் திரிவதும் சுமை போவதால்தான். பால் புரதமான கேசினின் நிகரச் சுமை, அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 4.6 அருகே பூஜ்யமாகிவிடும்.

ஊர்களில் தேத்தாங்கொட்டையைப் பானையின் உட்புறம் உரைத்துக் கலங்கலைத் தெளியவைத்திருக்கிறார்கள். எதில் தெளியவைத்தாலும் குடிக்கும் முன் கொதிக்க வையுங்கள். தெளிந்த தண்ணீரிலும் கிருமி இருக்கும்.

சும்மா விட்ட முதல் சேற்றுத் தம்ளரைக் கொட்டிவிடாதீர்கள். மூடி போட்டு ஜன்னல் ஓரத்தில் வைத்து, ஒரு வாரம் கழித்து இருட்டில் லேசர் அடியுங்கள். கண்ணுக்குத் தெளிந்தது போல இருந்தாலும் கோடு காட்டிக்கொடுக்கும்.