நெடுநாள் இடைவெளிக்குப் பின் ட்ரம்பெட் வாசிப்பவர்கள் அடுத்த கருவியைத் தேர்ந்தெடுக்கும் முறை

பள்ளியிலோ கல்லூரியிலோ ட்ரம்பெட் வாசித்துவிட்டு, வேலை, குடும்பம் என்று பல ஆண்டுகள் அதைத் தொடாமலே இருந்து, இப்போது மீண்டும் வாசிக்கத் தொடங்கியிருப்பவர்களுக்காக இந்தச் செய்முறை விளக்கம் எழுதப்படுகிறது. இவர்களில் பலரிடம் இருப்பது அந்நாளில் வாங்கிய மாணவர் ரகக் கருவி. அதைவிடத் தரமான ஒன்றை, பேண்டு, ஆர்கெஸ்ட்ரா, ஜாஸ், வீட்டுச் சாதகம் எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒன்றை வாங்க வேண்டும் என்ற எண்ணம் விரைவிலேயே வந்துவிடுகிறது. எண்ணம் நல்லதுதான், ஆனால் கடையில் பலமாக ஊதும்போது பிரமிக்க வைக்கும் கருவியும், ஒரு மணி நேர வாசிப்புக்குப் பின் உதடு தளர்ந்த நிலையில் கைகொடுக்கும் கருவியும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. இடைவெளிக்குப் பின் திரும்புபவருக்கு இரண்டாவது வகையே தேவை என்பது என் உறுதியான கருத்து. கீழே உள்ள படிகள் அனைத்தும் அந்த நோக்கில் அமைந்தவை.

படி 1: முதலில் உதட்டைத் தேற்றுங்கள்

வாய் ஓரத் தசைகளின் பிடிமானம் திரும்ப வாரங்கள் அல்ல, மாதங்களே ஆகும். அதற்கு முன் எந்தக் கருவியை வாசித்துப் பார்த்தாலும், தெரியவருவது உங்கள் உதட்டின் அன்றைய நிலைதானே தவிர அந்தக் கருவியின் குணம் அல்ல. எனவே நீண்ட கார்வைகள், மெல்லிய ஸ்கேல்கள், இடையிடையே போதிய ஓய்வு என்று பழைய கருவியிலேயே தினமும் சிறிது நேரம் வாசியுங்கள். சி மேஜர் ஸ்கேலை ஐந்து கோடுகளின் மேல் உட்காரும் ஜி வரை, மெல்லிய ஒலியில், மவுத்பீஸை (உதட்டில் வைத்து ஊதும் கிண்ண வடிவ முனையை) உதட்டில் அழுத்தாமல் தொடர்ந்து பல நாட்கள் வாசிக்க முடிகிறது என்ற நிலை வந்தபின் கடைக்குச் செல்வது நல்லது.

இதற்கிடையில் பழைய கருவியைக் கழுவிச் சுத்தம் செய்து, விரலால் அழுத்தும் வால்வுகளுக்குப் புதிய எண்ணெய் இடுங்கள். குழாய்க்குள் பல ஆண்டுகளாகப் படிந்த அழுக்கை நீக்கிய பிறகு, புதிய கருவிக்கான அவசரம் சிலருக்குத் தணிந்துவிடுவதும் உண்டு.

படி 2: மவுத்பீஸை முடிவு செய்யுங்கள்

உதட்டைத் தொடும் ஒரே பகுதி மவுத்பீஸ் என்பதால், அதைத் தீர்மானிக்காமல் கருவியை ஒப்பிடுவதில் பொருள் இல்லை. கருவிகளும் மவுத்பீஸ்களும் தயாரிக்கும் பாக் நிறுவனத்தின் எண் முறையில் எண் குறையக் குறையக் கிண்ணத்தின் விட்டம் கூடும். எழுத்து கிண்ணத்தின் ஆழத்தைக் குறிக்கும். யமஹாவின் எண் முறை இதற்கு நேர்மாறானது, அதில் எண் கூடினால் விட்டமும் கூடும். பலரும் தொடங்கும் 7சி மவுத்பீஸின் விட்டத்தைப் பாக் நிறுவனம் 16.20 மில்லிமீட்டர் என்றும், அடுத்த கட்டமாகப் பலர் மாறும் 3சி அளவை 16.30 மில்லிமீட்டர் என்றும் குறிப்பிடுகிறது. இரண்டுக்கும் இடையே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் வேறுபாடு. ஆனாலும் விளிம்பின் வளைவும் மாறுவதால் உதடு அதை உடனே உணர்ந்துவிடும்.

பல பாணிகளிலும் வாசிக்க விரும்புபவர் 5சி அல்லது 3சி அளவைச் சுற்றி ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சில வாரங்கள் அதிலேயே நிலைத்திருக்கலாம். மேல் ஸ்தாயி எளிதில் வரும் என்ற ஆசையில் ஆழம் மிகக் குறைந்த கிண்ணத்துக்குத் தாவுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அத்தகைய கிண்ணத்தில் ஒலி மெலிந்து கூர்மையாகிவிடும் என்பதுடன், உதடு வீங்கிய நேரத்தில் கிண்ணத்தின் அடித்தளத்தைத் தொட்டு ஒலியே நின்றுபோகும்.

படி 3: எந்த வகை ட்ரம்பெட் என்பதை வரையறுங்கள்

இது சுருக்கமான படி. பி-ஃபிளாட் ட்ரம்பெட் ஒன்றே போதும். ஆர்கெஸ்ட்ராக்களில் சி ட்ரம்பெட்டும், மென்மையான ஜாஸ் பாடல்களில் ட்ரம்பெட்டின் உறவுக் கருவியான ஃபிளூகல்ஹார்னும் பயன்படுகின்றன என்றாலும், ஆர்வத்துக்காக வாசிப்பவர் அவற்றைப் பின்னர் யோசித்துக்கொள்ளலாம்.

படி 4: அளவுகளைப் படித்தறியுங்கள், ஆனால் அவற்றுக்கு அடிமையாகாதீர்கள்

ட்ரம்பெட் பற்றிய பேச்சில் அதிகமாக அடிபடும் எண் குழாயின் உள்விட்டம். வழக்கமாக இரண்டாம் வால்வின் ஸ்லைடு குழாயில் (இழுத்து நீட்டக்கூடிய குழாய்த் துண்டில்) இது அளக்கப்படுகிறது. மீடியம் லார்ஜ் எனப்படும் 0.459 அங்குலம், அதாவது ஏறத்தாழ 11.66 மில்லிமீட்டர், இன்று மிகப் பரவலாக உள்ள அளவு. அடுத்த அளவான லார்ஜ் 0.462 அங்குலம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒரு தலைமுடியின் தடிமன் அளவுதான் இருக்கும். மேலும், மூச்சுக்காற்று அந்தக் குழாயை அடையும் முன்பே மவுத்பீஸின் தொண்டைத் துளையைக் கடந்தாக வேண்டும். பாக் மவுத்பீஸ்களில் அதன் வழக்கமான அகலம் 3.66 மில்லிமீட்டர் மட்டுமே. ஆகவே உள்விட்டத்தை மட்டும் பார்த்து ஒரு கருவி திறந்த ஒலி தரும் என்றோ அடைத்தாற்போல் இருக்கும் என்றோ முடிவு கட்டக் கூடாது. காற்று எவ்வளவு தடையின்றிச் செல்வதாகத் தோன்றுகிறது என்பதில் மவுத்பீஸ் செருகப்படும் லீட்பைப்பின் சரிவு, ஒலி வெளிவரும் விரிந்த வாயான பெல்லின் வடிவம் ஆகியவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு.

பெல்லைப் பொறுத்தவரை உலோகக் கலவையும் தயாரிப்பு முறையும் கவனிக்கத்தக்கவை. மஞ்சள் பித்தளையில் செம்பு ஏறத்தாழ 70 சதவீதம், மீதி துத்தநாகம். கோல்டு பிராஸ் எனப்படும் கலவையில் செம்பு 85 சதவீதம் அளவில் இருப்பதால் ஒலி சற்றே வெதுவெதுப்பாக இருக்கும் என்று வாசிப்பவர்கள் சொல்வார்கள். விலை கூடிய கருவிகளில் பெல் ஒரே தகட்டிலிருந்து தட்டி உருவாக்கப்படுகிறது; மாணவர் கருவிகளில் பெரும்பாலும் இரண்டு துண்டுகள் இணைக்கப்படுகின்றன. வெள்ளி முலாமா, லாக்கர் எனப்படும் மெருகுப் பூச்சா என்ற கேள்விக்கு ஒலியில் பெரிய வேறுபாடு இல்லை. கையின் வியர்வை லாக்கரை அரிக்கும் இயல்புடையவர்கள் வெள்ளி முலாமைத் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் அது கறுக்கும்போதெல்லாம் துடைக்க வேண்டியிருக்கும்.

பல வகை இசைக்கும் பொருந்துவது என்ற தேவைக்கு, மீடியம் லார்ஜ் உள்விட்டம், ஒரே தகட்டு மஞ்சள் பித்தளை பெல், நடுத்தர எடை என்ற சேர்க்கையே பாதுகாப்பான தொடக்கம். பாக் ஸ்ட்ராடிவேரியஸ் 180 மாடலில் 37 என்ற எண் கொண்ட பெல் உள்ள வகை இதற்கு நெடுங்காலமாக முன்மாதிரியாக விளங்குகிறது. யமஹாவின் ஸீனோ வரிசையில் 8335 மாடலும் இதே பரப்பைச் சேர்ந்தது. அவ்வளவு செலவிட விரும்பாதவர்களுக்கு யமஹா 4335 போன்ற இடைநிலைக் கருவிகள் உள்ளன. அவற்றைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. மாணவர் கருவியிலிருந்து நல்ல இடைநிலைக் கருவிக்கு மாறும்போது கிடைக்கும் முன்னேற்றம், அங்கிருந்து உயர்நிலைக் கருவிக்கு மாறும்போது கிடைப்பதைவிடப் பல நேரங்களில் பெரிதாகத் தெரியும்.

மேல் ஸ்தாயிக்கென்றே வடிவமைக்கப்பட்ட இலகு எடைக் கருவிகளையும், முழங்கும் ஒலிக்கான மிகக் கனமான கருவிகளையும் இப்போதைக்கு ஒதுக்கிவிடுங்கள். அவை ஒரு வேலையை மிக நன்றாகச் செய்பவை. நீங்கள் தேடுவது எல்லா வேலைக்கும் ஒத்துழைக்கும் ஒன்றை.

படி 5: பழைய கருவி வாங்குவதானால் உடலைச் சோதியுங்கள்

ஒருவர் பயன்படுத்திய உயர்நிலைக் கருவி புதிய இடைநிலைக் கருவியின் விலைக்கே கிடைக்கக்கூடும் என்பதால் இந்த வழியை நான் விரும்புகிறேன். ஆனால் வாங்கும் முன் சில சோதனைகள் கட்டாயம்.

வால்வுகளை அழுத்தாமல், ஒவ்வொரு வால்வுக்கும் உரிய ஸ்லைடை மெதுவாக வெளியே இழுங்கள். பிஸ்டனும் (வால்வுக்குள் மேலும் கீழும் நகரும் உருளையும்) அதன் உறையும் இறுக்கமாகப் பொருந்தியிருந்தால் உள்ளே வெற்றிடம் உருவாகி, ஸ்லைடு கழன்று வரும்போது பாட்டில் மூடி திறப்பது போன்ற ஒரு வெடிப்பொலி தெளிவாகக் கேட்கும். ஒலியே இல்லாமல் வழுவழுவென்று வந்துவிட்டால் பிஸ்டன் தேய்ந்திருக்கிறது அல்லது ஸ்லைடு கசிகிறது என்று பொருள். தேய்ந்த பிஸ்டனுக்கு மறுமுலாம் பூசிப் பொருத்துவது செலவு மிகுந்த பணி.

அடுத்து, மொத்தச் சுருதியை ஏற்றி இறக்கும் முதன்மை ட்யூனிங் ஸ்லைடை முழுவதும் கழற்றி, லீட்பைப்பை வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து உள்ளே பாருங்கள். பின்னர் வெளிப்புறத்தையும் உற்றுக் கவனியுங்கள். இளஞ்சிவப்பு வட்டமும் அதன் நடுவே கரும்புள்ளியுமாகத் தடங்கள் தெரிந்தால், பித்தளையிலுள்ள துத்தநாகம் அரிக்கப்பட்டுச் செம்பு மட்டும் எஞ்சும் நோய் அது. உள்ளிருந்து வெளியே பரவுவதால் கண்ணுக்குத் தெரியும்போது குழாய்ச் சுவர் ஏற்கெனவே மெலிந்திருக்கும். லீட்பைப்பை மாற்ற முடியும் என்றாலும் அந்தச் செலவை விலையில் கழித்தே பேச வேண்டும்.

பெல்லின் ஓரத்தில் உள்ள சிறு நசுக்கங்கள் பெரும்பாலும் அழகுக் குறைகளே. லீட்பைப்பிலோ வால்வு உறையிலோ உள்ள நசுக்கம் அப்படியல்ல. உறை சற்றே வளைந்தாலும் பிஸ்டன் சிக்கும். பிஸ்டன்களை வெளியே எடுத்துப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் எண் பொறிக்கப்பட்டிருக்கும், திருப்பி வைக்கும்போது அவற்றை இடம் மாற்றிவிடாதீர்கள். இரண்டாம் வால்வின் உறையில் பொறித்திருக்கும் வரிசை எண்ணைக் குறித்துக்கொண்டால், கருவி தயாரான காலத்தை ஓரளவு கணிக்கலாம்.

படி 6: வாசித்துச் சோதிக்கும் ஒழுங்கு

இந்தப் படிக்கு அவசரப்படாமல் முழுப் பொழுதையும் ஒதுக்குங்கள். உங்கள் மவுத்பீஸ், சுருதியைக் காட்டும் உங்கள் ட்யூனர், ஏற்கெனவே நன்கு தெரிந்த ஒரு மெதுவான பாடல் ஆகிய மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். முடிந்தால் பழைய கருவியையும் உடன் கொண்டுசென்று, ஒவ்வொரு புதிய கருவிக்கும் இடையில் அதை வாசியுங்கள்; ஒப்பிடுவதற்கு நிலையான ஓர் அளவுகோல் வேண்டும்.

கருவிக்குள் சிறிது நேரம் வெதுவெதுப்பான மூச்சை ஊதுங்கள், ஏனெனில் குளிர்ந்த உலோகத்தில் சுருதி தாழ்ந்து ஒலிக்கும். பிறகு நடு ஸ்தாயியில் ஒரு ஜி ஸ்வரத்தை, கேட்கும் அளவுக்கு மட்டுமே மெல்லியதாகத் தொடங்குங்கள். நாக்கால் தட்டாமல், மூச்சால் மட்டும் ஒலி பிறக்க வேண்டும். சில கருவிகளில் ஒலி உடனே மலரும். சிலவற்றில் முதலில் வெறும் காற்று மட்டும் வந்து, பிறகு திடீரென்று ஸ்வரம் வெடித்துக் கிளம்பும். உதடு தளர்ந்த நாட்களில் இரண்டாவது வகை உங்களை மிகவும் சோதிக்கும்.

அடுத்து சுருதி. ஐந்து கோடுகளின் மேல் இடைவெளியில் அமரும் ஈ, அதற்குக் கீழேயுள்ள ஈ-ஃபிளாட், டி ஆகியவை ஐந்தாம் இயற்கைச் சுரத்தின் (விரல்களை மாற்றாமல் உதட்டால் மட்டும் பிறக்கும் ஸ்வர வரிசையில் ஐந்தாவதன்) வழியில் பிறப்பதால் எல்லா ட்ரம்பெட்டுகளிலும் சற்றுத் தாழ்வாக ஒலிக்கும் போக்குடையவை. எவ்வளவு தாழ்கிறது, உதட்டின் சிறு முயற்சியிலேயே சேருகிறதா என்பதுதான் கேள்வி. ஒரு வால்வும் அழுத்தாமல் வாசித்த ஈ மிகவும் தாழ்ந்து, 1, 2 வால்வுகளை அழுத்தி வாசிக்கும் மாற்று ஈ மட்டுமே சேருகிறது என்றால், அந்தக் கருவி உங்களைத் தினமும் களைப்படையச் செய்யும். கீழே, 1, 3 வால்வுகளால் வரும் டி, மூன்றையும் அழுத்தி வரும் சி-ஷார்ப் ஆகியவை எதிர்த்திசையில் ஏறி ஒலிக்கும். இவற்றைத் தாழ்த்த மூன்றாம் ஸ்லைடின் வளையத்தை இடக்கை விரலால் தள்ள வேண்டும். எனவே அந்த ஸ்லைடு தங்கு தடையின்றி ஓடுகிறதா, வளையம் உங்கள் விரலுக்கு எட்டுகிறதா என்று பாருங்கள். பலரும் இந்த வளையத்தைப் பார்ப்பதே இல்லை, ஆனால் ஒவ்வொரு பாடலிலும் பயன்படுவது அதுதான்.

ட்யூனரின் முள்ளையே பார்த்துக்கொண்டு வாசித்தால் உங்களை அறியாமல் உதட்டால் திருத்திவிடுவீர்கள். கண்ணை மூடிக்கொண்டு ஸ்வரத்தை அதன் போக்கில் நிற்கவிட்டு, அதன் பிறகு கண்ணைத் திறந்து முள்ளைப் பாருங்கள். முதன்மை ட்யூனிங் ஸ்லைடு முழுவதும் உள்ளே இருந்தால்தான் 440 ஹெர்ட்ஸ் சுருதி சேருகிறது என்றால், மேலும் ஏற்ற இடமே இல்லாத கருவி அது.

பலமாக ஊதிப் பார்ப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். உடன் வந்தவரைச் சில மீட்டர் தள்ளி நிற்கச் சொல்லி, எந்தக் கருவி என்று அறிவிக்காமல் ஒரே பாடலை வாசியுங்கள். பெல்லுக்குப் பின்னால் நிற்கும் உங்களுக்குக் கேட்பதும் எதிரில் இருப்பவருக்குக் கேட்பதும் வேறு. பிறகு, உதடு உண்மையில் களைத்திருக்கும் அந்த இறுதி நேரத்தில், விருப்பப் பட்டியலில் எஞ்சிய இரண்டு கருவிகளில் மட்டும் முதலில் வாசித்த அந்த மெல்லிய ஜி ஸ்வரத்தை மீண்டும் தொடங்குங்கள். எளிதாகப் பிறக்கும் கருவியைத் தேர்ந்தெடுங்கள், அது மற்றதைவிட விலை குறைந்ததாக இருந்தாலும்.

படி 7: வாங்கிய பின்

திருப்பித் தரும் கால அவகாசம் உண்டா என்று பணம் கொடுக்கும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கடையின் எதிரொலிக்கும் அறையில் கேட்ட ஒலியை வீட்டு அறையிலும், பேண்டு ஒத்திகையிலும் மறுபடி கேட்க அந்த அவகாசம் தேவை. புதிய கருவியானாலும் முதல் வாரத்திலேயே வெதுவெதுப்பான நீரில் ஒருமுறை கழுவி, தயாரிப்பின்போது ஒட்டியிருக்கக்கூடிய துகள்களை நீக்கிவிட்டு வால்வு எண்ணெய் இடுங்கள். சூடான நீர் லாக்கரைக் கெடுக்கும். எண்ணெய் இட்டுப் பிஸ்டனைத் திருப்பிப் போட்டபின் காற்றே செல்லாவிட்டால் பதற வேண்டாம். பிஸ்டனை உரிய திசையில் நிறுத்தும் சிறு துண்டான வழிகாட்டி சரியாகப் பொருந்தவில்லை என்பதுதான் அதன் பொருள். அது பள்ளத்தில் விழும் ஒலி கேட்கும் வரை பிஸ்டனை மெல்லத் திருப்பினால் போதும். திருப்பித் தரும் அவகாசம் முடியும் வரையாவது பழைய ட்ரம்பெட்டை விற்காமல் வைத்திருங்கள்.